காது நரம்புக் கட்டியும் தள்ளாட்டமும்: வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

"கட்டியை எடுத்துட்டாங்க, ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஏன் நடந்தா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது?" அறுவை சிகிச்சை முடிந்து சமநிலைப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி இது. அடுத்தது, "எப்ப வேலைக்குப் போகலாம்?"

அக்கூஸ்டிக் நியூரோமா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். கேட்கும் தகவலையும் சமநிலைத் தகவலையும் உள்காதிலிருந்து மூளைக்குக் கொண்டுபோகும் எட்டாவது நரம்பின் மேலுறையில் வரும் கட்டி. புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மிக மெதுவாக வளரும். சில வளராமலே நின்றுவிடும். மெதுவாக வளர்வதால் மூளையும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். அதனால்தான் பலருக்குத் தலைசுற்றலைவிட ஒரு காது மந்தமாவது முதலில் தெரிகிறது. போனை அந்தக் காதில் வைத்தால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. ஒரு பக்கம் மட்டும் இப்படி ஆனால் "வயசாச்சு" என்று விடாதீர்கள். காது மருத்துவரிடம் கேட்கும் திறன் சோதனையும், அவர் சொன்னால் எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

அறுவையில் சமநிலை நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தால், அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த தகவலும் ஒரே நாளில் நின்றுபோகும். முதல் சில நாள் உலகமே சுழலும், வாந்தி வரும். அது அடங்கிய பிறகும் தலையைச் சட்டென்று திருப்பினால், இருட்டில் நடந்தால், கூட்டத்தில் புகுந்தால் தள்ளாடும். இனி கண்ணையும் பாதத்தையும் மறு காதையும் வைத்து மூளை புதுக் கணக்குப் போட வேண்டும். அசைந்தால்தான் அந்தக் கணக்கு வரும். மாதக்கணக்கில் படுத்தே இருப்பதும், தலைசுற்றலை அமுக்கும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி வாங்கிப் போடுவதும் அதைத் தள்ளிப்போடும். மாத்திரையை எப்போது குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

நாங்கள் கற்றுக்கொடுக்கும் முக்கியமான பயிற்சி மிக எளிது. சுவரில் கண் மட்டத்தில் ஒரு எழுத்தை ஒட்டி, அதையே பார்த்தபடி தலையை "இல்லை" என்பதுபோல் இடமும் வலமும் திருப்ப வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரியும் வேகத்தில் தொடங்கி, நாளாக நாளாக வேகத்தைக் கூட்ட வேண்டும். செய்யும்போது லேசாகச் சுற்றத்தான் செய்யும். சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் பயிற்சி சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். அறுவை முடிந்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

சரி, வேலை. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவரை எடுத்துக்கொள்வோம். கேட்காத பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார். சத்தம் எந்தத் திசை என்று ஒரு காதால் பிடிபடாது, அதனால் தலை இரண்டு பக்கமும் திரும்புகிறது. தலை நின்ற பிறகும் எதிரே உள்ள ரேக் ஒரு நொடி நகர்ந்து நிற்கிறது. கை தானாக மேஜையைப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு நாங்கள் சொன்ன மாற்றங்கள் சின்னவைதான்: கேட்காத காது சுவர்ப் பக்கம் வரும்படி மூலை இடம், உட்கார ஒரு ஸ்டூல், ஏணி ஏறுவது வேறொருவர் பொறுப்பு, தொடக்கத்தில் மதியம் வரை மட்டும் வேலை. ஸ்டூலைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி கடை, நிறுவனங்களில் ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும்.

கம்ப்யூட்டர் வேலையில் தொந்தரவே வேறு. வேகமாக ஸ்க்ரோல் செய்தால், ஓடும் பஸ்ஸில் இருந்துகொண்டு புத்தகம் படிப்பதுபோல் வயிற்றைப் புரட்டும். பக்கம் பக்கமாகத் தாவுங்கள், ஒரே திரையை நேர் எதிரே வையுங்கள். மூன்று மணிக்கு மேல் வரும் சோர்வைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது. நேராக நிற்பதற்கே மூளை கவனத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன்பே இடைவேளை எடுங்கள். நடை பார்த்துக் குடித்திருக்கிறார் என்று பேசுகிறவர்களும் உண்டு. மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த அவமானம் பாதியாவது குறையும்.

சாரத்தில் ஏறும் பெயின்டர், கம்பத்தில் ஏறும் எலக்ட்ரீஷியன், இரவில் லாரி ஓட்டுபவர் ஆகியோரிடம் மட்டும் நான் உறுதியாகச் சொல்லிவிடுவேன்: பரிசோதித்து அனுமதி தரும்வரை அந்த வேலை வேண்டாம். கிணற்றிலோ கடலிலோ தனியாக இறங்கவும் வேண்டாம். தண்ணீருக்கு அடியில் எது மேல், எது கீழ் என்று சொல்வதற்குக் கண்ணும் பாதமும் உதவாது.

என் வருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைவை இரண்டு காதையும் வைத்தே அளக்கிறது. ஒரு காது மட்டும் முழுதாகப் போனவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. தள்ளாட்டத்துக்கு அதன் பட்டியலில் தனி இடமும் இல்லை. சான்றிதழ் இல்லாதவர்கள் முதலாளியின் மனசை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று மருத்துவரிடம் தெளிவாக ஒரு கடிதம் வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். "ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரி போதாது.

நன்றாகத் தேறிய பிறகும் காய்ச்சல், தூக்கமின்மை, நீண்ட பயணம் வந்தால் பழைய தள்ளாட்டம் சில நாள் எட்டிப் பார்க்கும். கட்டி மறுபடி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், பயிற்சியைத் திரும்பத் தொடங்கினால் அடங்கிவிடும். ஆனால் அறுவைக்குப் பின் மூக்கிலிருந்து தண்ணீர்போல் வடிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, முகம் புதிதாக ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.