ஃப்ரீஸர விட்டு சாம்பிள் கிளம்புறதுக்கு முன்னாடி

வெளிநாட்டு லேப்ல இருந்து சேர்ந்து வேலை பண்ணலாமான்னு ஒரு மெயில் வந்தா போதும், தலைகால் புரியாம சரின்னுடுறோம். நானும் அப்படித்தான். முதல் கொலாபரேஷன்ல ரெண்டு வருஷம் அலைஞ்சு சேத்த ரத்த சாம்பிள் மொத்தத்தையும் ட்ரை ஐஸ்ல வச்சு அனுப்பினோம், பேப்பர் வந்தப்போ எங்க பேரு கடைசியில நன்றி சொல்ற பத்தியில இருந்துச்சு. கேட்டா, ஆத்தர் யாருன்னு எங்கயும் எழுதிக்கலையேன்னு பதில். எழுதிக்கலதான், என்னத்த சொல்ல.

அதுக்காக தனியாவே இருந்துக்கலாம்னா அந்தக் காலமும் இல்ல. 2015ல ஹிக்ஸ் போசான்ங்கற நுண்துகளோட நிறை (மாஸ்) எவ்வளவுன்னு, செர்ன்ங்கற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துல இருக்கற அட்லஸ், சிஎம்எஸ் ரெண்டு குழுவும் சேர்ந்து போட்ட பேப்பர்ல 5,154 ஆத்தர்ஸ், 33 பக்கத்துல ஆராய்ச்சி 9 பக்கம்தான், மீதி பூரா பேரும் முகவரியும்! சிரிப்பு வரும், ஆனா யார் பேரு வரணும்னு அங்க முன்னாடியே ரூல் எழுதி வச்சிருக்காங்க. மனுஷனோட டிஎன்ஏ முழுசையும் படிச்சு எழுதின மனித ஜீனோம் திட்டத்துலயும் அப்படித்தான், 2003ல முடிஞ்ச வேலைக்கு 1996லயே பெர்முடா தீவுல உக்காந்து, கிடைச்ச டிஎன்ஏ சீக்வென்ஸ 24 மணி நேரத்துக்குள்ள பொதுவுல போட்டுடணும்னு பேசி முடிச்சிட்டாங்க.

பேசாம விட்டா நாடுகளுக்கே சிக்கல். 2007ல இந்தோனேசியா பறவைக்காய்ச்சல் வைரஸ் சாம்பிள உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பறதையே நிறுத்துச்சு, நாங்க குடுக்கற வைரஸ வச்சு எவனோ தடுப்பூசி செய்வான், அத வாங்க எங்களுக்கே கட்டுப்படியாகாதுன்னா எப்படின்னு. ஆபத்தான முடிவுதான், ஆனா கேள்வி நியாயம்னு எனக்குப் படுது. 2011லதான் சாம்பிள் குடுக்கறவங்களுக்கும் பலன்ல பங்குன்னு ஒரு உலக ஏற்பாடு வந்துச்சு.

நம்ம லெவல்ல எம்டிஏ, அதான் சாம்பிள் கைமாத்தற ஒப்பந்தம், கையெழுத்தாகாம ஒரு ட்யூப் கூட வெளிய போகக் கூடாது. மிச்ச சாம்பிள என்ன பண்ணுவாங்க, வேற ஆராய்ச்சிக்கு எடுக்கறதா இருந்தா நோயாளி கையெழுத்துப் போட்ட ஃபார்ம்ல அதுக்கு இடமிருக்கா, டேட்டா யார் சர்வர்ல இருக்கும், முதல் பேரு யாரோடது, இதெல்லாம் கேக்க கூச்சமாத்தான் இருக்கும், கேளுங்க.

தேதி எப்படி எழுதறதுன்னு கூட முன்னாடியே பேசிக்கணும். 03/04ன்னு நாங்க எழுதினது ஏப்ரல் 3, அவங்க மாசத்த முதல்ல படிச்சு மார்ச் 4ன்னு எடுத்துக்கிட்டாங்க, 12ம் தேதிக்கு மேல இருந்ததெல்லாம் எரர் காட்டிச்சு, மத்தது சத்தமில்லாம மாறி உக்காந்துருச்சு, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்த மாதிரி சில பேருக்கு! மூணு வாரம் பழைய நோட்ட வச்சு ஒவ்வொண்ணா சரி பாத்தோம். இப்போ மாசத்த எழுத்துலதான் எழுதறோம்.