பூக்களுக்கு உரம் போடாதீர்கள்

தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவில், சுண்ணாம்புப் புல்வெளிகளில் செடிகளைக் கணக்கெடுப்பது என் வேலை. கோடையில் பூப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இந்த மண்ணுக்கு உரம் போட்டுவிடாதீர்கள் என்பதைத்தான். பலர் விழிப்பார்கள். நாயைக் கூட்டிவந்து, அது கழித்ததை அப்படியே விட்டுப் போவதும் உரம் போடுவதுதானே!

இங்கே அடியில் இருப்பது சாக்பீஸ் போன்ற வெள்ளைப் பாறை. அதன்மேல் மெல்லிய மண். தண்ணீர் நிற்காது, தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. எந்தப் புல்லாலும் ஓங்கி வளர்ந்து மற்றதை அமுக்க முடியாது. அதனால்தான் ஒரே சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்கூட நெருக்கியடித்து வாழ்கின்றன. சத்து ஏறினால் முரட்டுப் புல் எழுந்துவிடும், தைம் என்ற சிறு மூலிகையும் ஆர்க்கிட் பூச்செடிகளும் அதன் நிழலில் ஒடுங்கிப்போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவும் ரசாயன உரமும் இப்படித்தான் பெரும்பாலான சுண்ணாம்புப் புல்வெளிகளை விழுங்கின.

ஆடுகள் பூவைத் தின்கின்றனவே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அவை மேயாவிட்டால் இங்கே பூவே இருக்காது. 1953-இல் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து, ஆடுகளைப் போலவே புல்லை மேய்ந்துவந்த முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது, வெயில் தேடும் ஒருவகைச் சிவப்பு எறும்பு குறைந்தது. அந்த எறும்புப் புற்றுக்குள் புழுவாக வளரும் லார்ஜ் புளூ வண்ணத்துப்பூச்சி 1979-இல் பிரிட்டனிலிருந்தே அற்றுப்போனது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ஆகவே மேய்ச்சல் நிலத்தின் கேட்டை மறக்காமல் சாத்துங்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

அப்புறம் போட்டோ. தேனீ போன்ற பூவுடைய ஒரு பீ ஆர்க்கிடை நெருக்கமாக எடுக்கக் குப்புறப் படுக்கிறார்கள். சுற்றிலும் இன்னும் பூக்காத ஆர்க்கிடுகள் வெறும் இலையாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும், அவை நசுங்கும். பாதையிலிருந்தே ஜூம் செய்து எடுங்கள், போதும்.

வேரோடு பிடுங்கவே கூடாது. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச்செடியைப் பிடுங்கினாலும் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிடுங்கிய ஆர்க்கிட் தொட்டியில் பிழைப்பதும் அரிது, அது மண்ணிலுள்ள பூஞ்சையோடு சேர்ந்து வாழும் செடி.

எப்போது வரலாம்? ஆர்க்கிடுகளுக்கு ஜூன். ஜூலைக் கடைசியில் ஹாம்ப்ஷயரின் ஓல்ட் வின்செஸ்டர் ஹில்லுக்குப் போனால், கருநீல ரவுண்ட்-ஹெடட் ராம்பியன் பூவும் வெளிர்நீலச் சாக்ஹில் புளூ வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்தே கிடைக்கும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள், மேகம் மூடினால் வண்ணத்துப்பூச்சி பறக்காது.