பழைய லேண்ட் ரோவரை அரிக்கும் மின்சாரம்

பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அதன் மேனியை; பார்க்க வேண்டியதோ அதன் அடிவயிற்றை. மேலே அறுபது ஆண்டுகளாகியும் துருவே காணாத தகடுகள் இருக்கும். கீழே, அதே வண்டியைத் தாங்கும் சேஸிஸ் ஒரு திருப்புளியால் குத்தினாலே ஓட்டையாகும் நிலையில் இருக்கலாம். இந்த முரண் வண்டி பிறந்தபோதே அதற்குள் வைக்கப்பட்டது.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதலாக வைக்கப்பட்டபோது, போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீட்டு முறை நடப்பில் இருந்தது. விமானத் தொழிலின் தேவை குறைந்துபோனதால் அலுமினியம் ஓரளவு தாராளமாகக் கிடைத்தது. ஆகவே ரோவர் நிறுவனம் மேற்கூட்டைப் பிர்மாபிரைட் என்னும் அலுமினிய–மக்னீசியக் கலவைத் தகட்டிலும், சேஸிஸை நான்கு எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டிப் பற்றவைத்தும் செய்தது. முன்னோட்டமாகச் செய்த சில பத்து வண்டிகளின் சேஸிஸுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கப்பட்டிருந்தது; முழு உற்பத்தி தொடங்கியபோது அது கைவிடப்பட்டு, வெறும் வண்ணப்பூச்சோடு சேஸிஸ்கள் வெளிவந்தன. அந்தச் சிக்கனத்தின் கணக்கைத்தான் இன்று வண்டிக்காரர்கள் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரும்பு துருப்பிடிப்பதை நீரும் காற்றும் பட்டு நடக்கும் ஒன்று என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் அது ஒரு சிறு மின்கலம் வேலை செய்வதே. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே இன்னோரிடத்துக்கு ஓடி, அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூ. ஆர். எவன்ஸ் 1920-களில் இதை ஒரே ஒரு உப்புநீர்த் துளியைக் கொண்டு காட்டினார். மெருகேற்றிய இரும்புத் தகட்டின்மேல் துளியை வைத்தால், காற்று எளிதில் புகும் விளிம்புப் பகுதி பிழைத்துக்கொள்கிறது, ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதியே அரிக்கப்படுகிறது, இரண்டுக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது. ஆக்சிஜன் குறைந்த இடமே அதிகம் அரிக்கும் என்பது முதலில் கேட்பவருக்குத் தலைகீழாகத்தான் தோன்றும்.

இப்போது பெட்டிச் சேஸிஸின் உட்புறத்தை நினைத்துப் பாருங்கள். வயலிலும் ஓடையிலும் ஓடிய வண்டியில், வடிகால் துளைகள் வழியே புகுந்த சேறு அடித்தகட்டின் மேல் படிந்து, துளைகளையும் அடைத்துக்கொள்கிறது. சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் இல்லை. சேற்றுக்கு மேலே தாராளமாக இருக்கிறது. எவன்ஸின் துளி இங்கே ஓராள் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. இதோடு குளிர்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவும் உப்பும் சேர்ந்தால், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போதெல்லாம் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும் என்பதால், மழையில்லாத நாளிலும் மின்கலம் ஓய்வதில்லை. ஈரவண்டியை வெதுவெதுப்பான, மூடிய கொட்டகையில் நிறுத்துவது அதற்குச் செய்யும் நன்மையன்று. வெப்பம் வினையை விரைவுபடுத்தவே செய்யும். காற்றோட்டமுள்ள குளிர்ந்த கூரையே மேல்.

அலுமினியமும் முழுதாகத் தப்புவதில்லை. தனியாக இருக்கும்வரை, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. உப்பீரம் படிந்த நிலையில் எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அலுமினியம் கரையும் முனையாகவும், எஃகு காக்கப்படும் முனையாகவும் மாறுகின்றன. கதவின் அடிவிளிம்பு இதற்குக் கண்கூடான சான்று: உள்ளே எஃகுச் சட்டம், அதன்மேல் மடித்துப் போர்த்திய அலுமினியத் தகடு, மடிப்புக்குள் தேங்கும் நீர். வெளியே வண்ணம் கொப்பளித்து வெள்ளைப் பொடி உதிரும்; உள்ளே, அந்தக் காப்பு எட்டாத இடங்களில், வண்ணம் போன சட்டம் தன்பாட்டுக்குத் துருவேறிப் பருக்கும். இரும்பைவிடத் துருவின் பருமன் பல மடங்கு என்பதால் மடிப்பே பிளந்துகொள்ளும்.

இவ்விடத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தில் எனக்கு உடன்பாடில்லை. பழைய போல்ட்டுகளைக் கழற்றியெறிந்துவிட்டு, பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளை மாட்டிவிடுகிறார்கள். போல்ட் சிறிது, அலுமினியத் தகடு பெரிது என்பதால் சேதம் பரந்து மெலிந்துவிடும் என்று அவர்கள் சொல்லும் காரணம், வண்டி முழுக்கக் கடலில் மூழ்கிக் கிடந்தால் பெரிதும் பொருந்தும். மெல்லிய ஈரப்படலத்திலோ மின்னோட்டம் சில மில்லிமீட்டருக்கு மேல் எட்டுவதில்லை. ஆகவே அரிப்பு முழுவதும் போல்ட்டின் கழுத்தைச் சுற்றியே குவிகிறது. துத்தநாகம் பூசிய போல்ட்டே இங்கு ஏற்றது. எந்த போல்ட்டானாலும் அடியில் நைலான் வாஷரும், இடைவெளியில் கிரீஸும் வைத்து ஈரம் புகாமல் செய்வது நல்லது.

பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எனவே சோதிக்கும் பொறுப்பு உரிமையாளரின் கைச்சுத்தியலுக்கு வந்துவிட்டது. சேஸிஸை முன்னிருந்து பின்னாகச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மெலிந்த இடம், ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் மங்கி ஒலிக்கும். பின்புறக் குறுக்குச்சட்டம், வில்தகடு தொங்கும் இடங்கள், பக்கவாட்டில் நீளும் கைகள் ஆகியவற்றை அவசரப்படாமல் தட்ட வேண்டும். அண்மையில் தடிமனாகக் கறுப்பு வண்ணம் பூசப்பட்ட சேஸிஸ் என்றால் இரட்டிப்பு ஐயம் தகும்.

கெட்ட இடத்தின் மேல் புதுத் தகட்டை ஒட்டுவது பழுதுபார்த்தல் ஆகாது. இரண்டு தகடுகளுக்கிடையே இன்னொரு ஈரமடிப்பைத்தான் அது உண்டாக்கும். துருவை முழுவதும் வெட்டியெடுத்து, பளிச்சென்ற உலோகம் தெரியும் விளிம்புவரை சென்று, அதே தடிமனுள்ள தகட்டை இடைவெளியில்லாமல் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்தே இறக்கித் தொலைவில் வைப்பதும் தவிர்க்கக்கூடாதவை. துத்தநாகம் பூசிய பகுதியில் வெல்டிங் செய்தால் எழும் வெண்புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வரலாம். பூச்சை அரைத்தெடுத்துவிட்டு, திறந்த வெளியில், உரிய முகமூடியோடு செய்ய வேண்டிய வேலை அது.

அரித்த மின்சாரத்தையே திருப்பிவிட்டுச் சிறு பாகங்களைச் சுத்தம் செய்யவும் முடியும். ஒரு பிளாஸ்டிக் வாளி நீரில் சில கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த எஃகுப் பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், வேண்டாத ஓர் இரும்புத் துண்டை நேர்முனையோடும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால் போதும். இம்முறை பாகத்துக்குள் எலக்ட்ரான்கள் திணிக்கப்படுவதால் அது கரைவதில்லை. துருவின் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாற, எஞ்சியது ஹைட்ரஜன் குமிழ்களால் இளகி, தூரிகை பட்டதும் உதிர்ந்துவிடும். இக்காலத்துச் சார்ஜர்கள் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தே இயங்குவதால், இதற்குப் பழைய, எளிய சார்ஜரே உதவும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைத்தால் நச்சுள்ள குரோமியச் சேர்மம் நீரில் கலந்துவிடும். அலுமினியப் பாகத்தை இந்த நீரில் போட்டால் காரமே அதைத் தின்றுவிடும். வில்தகடுகளும் கடினமாக்கப்பட்ட போல்ட்டுகளும் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறலாம். இம்மூன்றையும் தவிர்த்து, ஹைட்ரஜன் வெளியேற வாளியைத் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாளிக்குள் அடங்காத இடங்களுக்குத் துருமாற்றித் திரவம் இருக்கிறது. அவற்றில் ஒருவகையில் உள்ள டானிக் அமிலம், துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்சிய நம் சாயக்காரர்களுக்கு இது பழைய சங்கதியே. மாற்றிய துரு வண்ணத்துக்கு அடித்தளமாகலாம். போன தடிமனை அது திருப்பித் தராது.

கடைசியில் சேஸிஸின் உட்புறம். உயரழுத்த நீரால் சேற்றையும் உப்பையும் வெளியேற்றி, பல நாள் காயவிட்டு, வெயிலடிக்கும் நாளொன்றில் நீண்ட குழாய்முனையால் மெழுகையோ ஆட்டுரோமக் கொழுப்பான லானோலினையோ உள்ளே பீய்ச்ச வேண்டும். ஈரத்தின் மேல் பீய்ச்சினால், மின்கலத்தை மூடிபோட்டுப் பாதுகாத்ததாக ஆகிவிடும். பீய்ச்சி முடித்த மறுநாள், வடிந்து உறைந்த மெழுகு வடிகால் துளைகளை அடைத்திருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்ட பிறகே வண்டியைத் தெருவில் இறக்க வேண்டும்.