வழுக்கை யார் வழியாக வருகிறது?

தாயின் தந்தைக்கு வழுக்கை இருந்தால் பேரனுக்கும் வழுக்கை விழும் என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் நிலவுகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதையே முழு உண்மையாக எடுத்துக்கொள்வதால், தந்தை வழியாக வரும் பங்கை நாம் கணக்கில் எடுக்கத் தவறிவிடுகிறோம்.

ஆண்களுக்கு வழுக்கை விழ மரபும் ஹார்மோனும் சேர்ந்தே தேவை என்பதை அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. பருவமடையும் முன்பே விரைகளின் செயல்பாட்டை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அவர் கண்டறிந்தார். அத்தகையவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் செலுத்தப்பட்டபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி குறையத் தொடங்கியது. அந்தப் போக்கு இல்லாத குடும்பங்களில் பிறந்தவர்களுக்கோ அதே ஹார்மோனைப் பெற்ற பின்னும் முடி நிலைத்திருந்தது.

இந்த வேறுபாடு உருவாகும் இடம் மயிர்க்கால். ஒவ்வொரு மயிர்க்காலும் சில ஆண்டுகள் முடியை வளர்த்து, பிறகு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்து, பழைய முடி உதிர்ந்ததும் புதியதை வளர்க்கத் தொடங்கும். உடலிலுள்ள டெஸ்டோஸ்டீரோனின் ஒரு பகுதியை ஒரு நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் என்னும் வலுவான ஹார்மோனாக மாற்றுகிறது. மயிர்க்காலின் அடிப்பகுதியிலுள்ள செல்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதம் இருக்கிறது. வழுக்கைக்கான மரபுப் போக்கு உள்ளவரின் உச்சந்தலையில், அந்த ஹார்மோன் இந்த ஏற்பியுடன் இணையும்போது, சுற்றுக்குச் சுற்று வளர்ச்சிக் காலம் குறைந்து, மயிர்க்காலே சிறுத்து, தடித்த முடி இருந்த இடத்தில் மெல்லிய பூனைமுடி மட்டும் முளைக்கும் நிலை உருவாகிறது. வழுக்கை விழுந்த ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் பொதுவாக மற்றவர்களைவிட மிகுந்திருப்பதில்லை. வேறுபடுவது மயிர்க்கால் அதற்கு எதிர்வினை செய்யும் விதமே. பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்தலையில் நடப்படும் மயிர்க்கால்கள் அங்கும் தம் இயல்பு மாறாமல் முடி வளர்ப்பது இதற்கு நல்ல சான்று. அதே ஹார்மோன் தாடி மயிரைத் தடிக்கவைக்கிறது என்பது இன்னும் வியப்பளிப்பது.

தாய்வழி நம்பிக்கைக்கான காரணம் இந்த ஏற்பியில்தான் இருக்கிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. மகன் தந்தையிடமிருந்து ஒய் குரோமோசோமைப் பெறுவதால், அவனுடைய ஒரே எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்தே வந்தாக வேண்டும். ஆனால் தாயிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. ஒன்று அவருடைய தந்தையிடமிருந்தும் மற்றொன்று அவருடைய தாயிடமிருந்தும் வந்தவை. எனவே இந்த மரபணு தாய்வழிப் பாட்டனாரிடமிருந்து வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் உண்டு. தாய்வழிப் பாட்டியிடமிருந்து வருவதற்கும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. மேலும், 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இம்மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவம் இளவயதிலேயே வழுக்கை விழுந்தவர்களில் 98 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. வழுக்கையே இல்லாத ஆண்களில் 77 சதவீதத்தினரிடமும் அது இருந்தது. அப்படியானால் அந்த வடிவம் ஒருவரிடம் இருப்பது மட்டும் வழுக்கையை முடிவுசெய்வதில்லை. வேறு மரபணுக்களும் சேர்ந்தாக வேண்டும்.

அவை எத்தனை என்பது பெருந்தொகையான மனிதர்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட முடிந்த பிறகே தெரியவந்தது. ஆய்வுக்காக மக்களின் மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேமித்துவைக்கும் பிரிட்டனின் உயிர்வங்கியில் பதிவுசெய்திருந்த சுமார் 52,000 ஆண்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணுச் சுட்டிகளை, அதாவது மரபணுத் தொகுதியில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களை, கண்டறிந்தது. அவற்றில் எக்ஸ் குரோமோசோமில் இருந்தவை 40 மட்டுமே. மீதமுள்ளவை தாய், தந்தை இருவரில் எவரிடமிருந்தும் வரக்கூடியவை. தனியொரு மரபணுவாகப் பார்த்தால் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் செல்வாக்கு பெரிது. ஆனால் வழுக்கை விழுந்த தந்தையை விட்டுவிட்டுத் தாய்மாமனை மட்டும் பார்த்து எதிர்காலத்தைக் கணிப்பது இந்தச் சான்றுகளுக்குப் பொருந்தாது. தாயின் தலையில் அடர்ந்த முடி இருப்பதும் எதையும் உறுதிசெய்வதில்லை. பெண்ணுடலில் ஆண் ஹார்மோன்களின் அளவு குறைவு என்பதால், வழுக்கைக்கான மரபணு வடிவங்களைச் சுமந்தும் அவற்றின் விளைவை வெளிக்காட்டாமல் அவர் மகனுக்கு அளிக்க முடியும்.

இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், ஆண்களிடையே வழுக்கையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபு சார்ந்தது என்று மதிப்பிடுகின்றன. மரபின் பங்கு இவ்வளவு பெரிதாயினும், தனிமனிதரைக் குறித்த கணிப்பு கடினமாகவே இருக்கிறது. மேற்கண்ட 2017 ஆய்வில், வழுக்கைக்கான வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண் ஒவ்வொருவருக்கும் மரபணு அடிப்படையில் கணக்கிடப்பட்டது. குறைந்த மதிப்பெண் பெற்ற பாதிப் பேரிலும் 14 சதவீதத்தினருக்குக் கடுமையான முடியிழப்பு இருந்தது. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற பத்து சதவீதத்தினரில் மிதமான அல்லது கடுமையான இழப்பைத் தெரிவித்தவர்கள் 58 சதவீதத்தினரே. ஆகவே ஒரு மரபணுப் பரிசோதனையின் முடிவைக் கண்டு இருபது வயது இளைஞர் மனமுடைந்துபோகத் தேவையில்லை.

மரபாக வந்த போக்கை மருத்துவத்தால் தணிக்கவும் முடிகிறது. ஃபினாஸ்டெரைடு என்னும் மருந்து டெஸ்டோஸ்டீரோனை மாற்றும் நொதியைத் தடுக்கிறது. மருத்துவரின் ஆலோசனைப்படி அதை உட்கொள்பவர்களில் பலருக்கு முடியிழப்பு மட்டுப்படுகிறது. சிலருக்குச் சிறுத்த மயிர்க்கால்கள் மீண்டும் தடித்த முடியை வளர்க்கின்றன. ஆனால் அது மயிர்க்கால்களின் மரபணுக்களை மாற்றுவதில்லை. மருந்தை நிறுத்தினால் ஹார்மோனின் அளவு பழைய நிலைக்குத் திரும்பி, ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதனால் கிடைத்த பயன் மறைந்துவிடுகிறது.