பிரீமியம் எல்லாம் வருமானம் ஆகாது: இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கான இண்ட் ஏ.எஸ். 117

"புதுக் கணக்குச் சட்டம் வந்துவிட்டது, பழைய பாலிசியைச் சரண்டர் செய்துவிட்டு வேறு போடுங்கள்" என்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ யாராவது சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இண்ட் ஏ.எஸ். 117 என்பது இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் ஒன்று; இன்சூரன்ஸ் நிறுவனம் தன் லாப நட்டத்தை எப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் விதி இது. உங்கள் பத்திரத்தில் இருக்கும் காப்பீட்டுத் தொகை, தவணை, முதிர்வுத் தேதி எதையும் இது தொடாது.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வேறு மாற்றங்களும் வந்தன. 2024 அக்டோபர் 1 முதல் புது சரண்டர் விதிகள் நடைமுறைக்கு வந்து, ஒரு வருட பிரீமியம் முழுதாகக் கட்டியவருக்கும் சிறப்புச் சரண்டர் மதிப்பு கிடைக்க வழி பிறந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இவை இரண்டும் பாலிசிதாரரின் பையைத் தொடுபவை. இண்ட் ஏ.எஸ். 117 நிறுவனத்தின் ஏட்டோடு நின்றுவிடும்.

இதன் மூலம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 17 என்ற சர்வதேசத் தரநிலை. 2017 மே மாதம் வெளியாகி, தள்ளித் தள்ளி, 2023 ஜனவரி 1 முதல் வெளிநாடுகளில் நடைமுறைக்கு வந்தது. அதன் இந்திய வடிவத்தை மத்திய கம்பெனி விவகாரங்கள் அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 12 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு என்று போட்டார்கள். செப்டம்பர் 28-லேயே ஒரு திருத்தம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தன் பங்குக்கு 117-ஐ அறிவிக்கும் வரை, இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தாய் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த கணக்குக்காகப் பழைய இண்ட் ஏ.எஸ். 104 முறையிலேயே கணக்குத் தரலாம் என்றது அந்தத் திருத்தம். ஆகஸ்ட் அறிவிக்கையை மட்டும் படித்துவிட்டு "எல்லாம் மாறிவிட்டது" என்பவர்கள் இந்தத் திருத்தத்தைப் பார்க்காதவர்கள்.

செட்டிநாட்டுக்குக் கணக்கு புதிதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடைகளிலிருந்து ஐந்தொகை ஊருக்கு வரும், மேலாள் எப்படி நடத்துகிறார் என்று முதலாளி அதை வைத்தே கண்டுகொள்வார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில், 1937 பிப்ரவரி 10 அன்று, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையும் நடத்தினார். சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் அந்த நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டது. 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் அது எல்.ஐ.சி.க்குப் போயிற்று.

ஆனால் லேவாதேவிக் கணக்கில் கொடுத்த தொகை தெரியும், வட்டி தெரியும், தவணை தெரியும். இன்சூரன்ஸில் பணம் முதலில் வந்துவிடுகிறது. செலவு இருபது, முப்பது வருடம் கழித்து வரும். எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பது அனுமானம். அப்படியானால் இந்த வருட லாபம் எவ்வளவு? 117-இன் பக்கங்கள் முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன.

இதுவரை இந்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை வரவாகக் காட்டி, எதிர்காலப் பொறுப்புக்கென ஒரு தொகையை ஒதுக்கி வருகின்றன. இதில் லாபம் முன்கூட்டியே வந்துவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். முதல் வருடத்தில் ஏஜெண்ட் கமிஷனும், எச்சரிக்கைக்காகக் கூட்டி வைக்கும் ஒதுக்கீடும் சேர்ந்து பிரீமியத்தையே தாண்டிவிடுவது சகஜம். அதனால் வேகமாக வளரும் நிறுவனம் நட்டத்தில் இருப்பதுபோலவும், புது வியாபாரத்தை நிறுத்திவிட்ட நிறுவனம் செழிப்பாக இருப்பதுபோலவும் ஏடு காட்டும். இரண்டு தோற்றமும் ஏமாற்றுபவை.

கல்யாணத்துக்கு முழுத்தொகையையும் முன்பணமாக வாங்கிவிட்ட சமையல் காண்டிராக்டருக்கு, இலை போட்டுப் பரிமாறும்வரை அந்தப் பணம் சம்பாத்தியம் ஆவதில்லை. 117 சொல்வதும் அதைத்தான்: பாதுகாப்பு தரத் தர லாபத்தை எடு.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஐந்து வருட பாலிசி, ஒரே தவணையாக 1,00,000 ரூபாய். கிளைம், கமிஷன், நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் கணித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 82,000. கணிப்பு பிசகலாம் என்பதற்காக இடர் ஈடு 6,000. மீதி 12,000 இன்னும் சம்பாதிக்காத லாபம். ஆங்கில முதலெழுத்துகளால் துறையில் இதை சி.எஸ்.எம். என்கிறார்கள். பாலிசி விற்ற அன்று லாபம் பூஜ்யம். அந்த 12,000 பொறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வருடத்துக்கு 2,400 வீதம் லாபத்துக்கு நகரும். (வட்டி சேர்வதையும், நடுவில் பாலிசி குறைவதையும் இங்கே விட்டுவிட்டேன்.)

இரண்டு வருடம் போனதும் மீதி 7,200. அப்போது எதிர்காலச் செலவு 3,000 கூடும் என்று தெரிகிறது. உடனே நட்டம் எழுத வேண்டாம். மீதி 4,200 ஆகும், இனி வருடத்துக்கு 1,400 மட்டுமே லாபம். செலவு 10,000 கூடினால் கதை வேறு. 7,200 முழுதும் கரைந்து, மிச்சம் 2,800 அந்த வருடமே நட்டம். லாபத்தைக் காலம் முழுக்கப் பரப்பு, நட்டத்தை உடனே சொல். சந்தைக்காக விலையைக் கண்டபடி குறைத்து விற்ற பாலிசிக் கூட்டம், விற்ற அன்றே நட்டம் என்று ஏட்டில் ஏறிவிடும். என் பார்வையில் இந்த விதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நட்டத்தை லாபத்துக்குள் ஒளிக்க முடியாதபடி இன்னொரு கட்டும் உண்டு. ஒரே வகை பாலிசிகளை ஆரம்பத்திலேயே நட்டம் தருபவை, நட்டமாக வாய்ப்பு மிகக் குறைவானவை, மற்றவை என்று பிரிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளியில் விற்றவற்றை ஒரே கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. யூலிப் போன்ற, முதலீட்டு லாபம் பாலிசிதாரருக்கே பெரும்பாலும் போகும் பாலிசிகளுக்குத் தனி அளவீட்டு முறை. ஒரு வருடத்துக்குள் முடியும் வாகன, மருத்துவ பாலிசிகளுக்குப் பழைய வழக்கத்தை ஒட்டிய எளிய முறையே போதும்.

இத்தனையையும் எக்செல்லில் போட முடியாதா? சின்ன நிறுவனம் முயலலாம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, நினைவில் இருக்கிறது. பொதுவான முறையில் ஒவ்வொரு கூட்டத்தின் சி.எஸ்.எம்.மும் தான் பிறந்தபோது இருந்த வட்டி விகிதத்தையே கடைசிவரை சுமக்கும். எதிர்காலப் பண ஓட்டமோ இன்றைய விகிதத்தில் மதிப்பிடப்படும். போன வருட முடிவிருப்பு இந்த வருட ஆரம்ப இருப்பு. நடுவில் நடந்த மாற்றத்தில் எது புது வியாபாரத்தால், எது அனுமானம் மாறியதால், எது வட்டியால் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதற்காக ஒரே மாடலை ஒவ்வொரு அனுமானமாக மாற்றிப் பலமுறை ஓட்ட வேண்டும்.

எனவே மென்பொருள் இரண்டு அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு பண ஓட்டத்தைக் கணிக்கும் இயந்திரம்: எஃப்.ஐ.எஸ். நிறுவனத்தின் புராஃபெட், மூடீஸின் ஆக்சிஸ் போன்றவை. (வங்கிக்கும் இந்த ஆக்சிஸுக்கும் சம்பந்தமில்லை, டொராண்டோவின் ஜி.ஜி.ஒய். நிறுவனம் உருவாக்கியது, 2016-இல் மூடீஸ் வாங்கியது.) லட்சக்கணக்கான பாலிசிகளை வயது, கால அளவு, தொகை வாரியாகச் சுருக்கியோ ஒவ்வொன்றாகவோ உள்ளே கொடுத்தால், இறப்பு அட்டவணையையும் பாலிசியைப் பாதியில் விடுவோர் விகிதத்தையும் வைத்து வருடவாரியாகப் பண வரவு செலவைத் துப்பும். இரண்டாம் அடுக்கு அந்த எண்களை வாங்கி, சி.எஸ்.எம்.மை உருட்டிச் சென்று, பேரேட்டில் ஏறும் பற்று வரவுப் பதிவுகளாக மாற்றும். முன்பு ஆக்சுவரி (காப்பீட்டுப் பொறுப்பைக் கணிக்கும் கணித வல்லுநர்) ஒரு தொகையைச் சொல்வார், கணக்குப் பிரிவு எழுதிக்கொள்ளும். இப்போது இருவரும் ஒரே குழாயின் இரு முனைகளில் இருக்கிறார்கள்.

மென்பொருள் விற்பவர்கள் பேச்சில் இயந்திரமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்ற தொனி வரும். அது கூட்டிக் கழிக்கும், அவ்வளவுதான். எத்தனை பேர் பாலிசியை நடுவில் விடுவார்கள், எந்த வட்டி வளைவை (கால அளவுக்கேற்ற வட்டி விகித வரிசையை) எடுப்பது, இடர் ஈடு எவ்வளவு என்பதை ஆக்சுவரிதான் முடிவு செய்து கையெழுத்திட வேண்டும். பழைய பாலிசித் தரவு அரைகுறையாக இருந்தால் அரைகுறையான விடைதான் தசம புள்ளியோடு வரும்.

நம் ஊர்க் கடைகளுக்கு இதில் வேலை இல்லை. மிக்ஸிக்குக் கடையோ தயாரிப்பாளரோ தரும் வாரண்டிகூட 117-க்குள் வராது என்று விதியே விலக்குகிறது. வணிகவியல் படிக்கும் மாணவர்கள் கவனிக்கலாம்: புள்ளியியல், கணக்கியல், கொஞ்சம் நிரல் எழுதுதல் மூன்றும் தெரிந்தவருக்கு இந்தக் குழாயில் இடம் இருக்கிறது. ஆக்சுவரி ஆக, இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் நீண்ட தேர்வு வரிசையைத் தாண்ட வேண்டும். மாடல் ஓட்டும் வேலைக்கு அத்தனையும் முடித்திருக்க வேண்டியதில்லை.

எல்.ஐ.சி.யோ தனியார் இன்சூரன்ஸோ பங்கு வைத்திருக்கும் வீடுகளுக்குத்தான் இது நேரடி விஷயம். ஒரு நிறுவனம் 117-க்கு மாறும் முதல் வருடம் வருவாய் என்ற எண் சட்டென்று சிறுத்துத் தெரியும். காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி பிரீமியத்தின் சேமிப்புப் பகுதி வருவாயில் சேராது என்பதே காரணம், வியாபாரம் படுத்துவிட்டதாக எடுக்க வேண்டாம். நிகர மதிப்பும் ஒரே நாளில் மேலோ கீழோ நகரும். அப்போது ஆண்டறிக்கையின் குறிப்புகளில் மூன்றைத் தேடுங்கள். பழைய பாலிசிகளை முழுப் பின்னோட்டக் கணக்கிலா (விற்ற நாளிலிருந்தே 117 இருந்ததுபோல), சுருக்கிய முறையிலா, நியாய மதிப்பிலா மாற்றினார்கள். சி.எஸ்.எம். ஆரம்ப இருப்புக்கும் முடிவிருப்புக்கும் நடுவில் புது வியாபாரம் எவ்வளவு சேர்த்தது. இடர் ஈடு எத்தனை சதவீத நம்பிக்கை மட்டத்துக்கு, அதாவது வைத்த தொகை போதுமானதாக இருக்கும் வாய்ப்புக்கு, இணையானது. கடைசியதை வெளியிடுவது கட்டாயம். இரண்டு நிறுவனங்களில் ஒன்று 75 சதவீதம், மற்றது 90 சதவீதம் என்று எழுதியிருந்தால், மற்றவை சமமாக இருக்கும்பட்சத்தில் இரண்டாவது கூடுதலாகப் பொறுப்பு ஏற்றி வைத்திருக்கிறது என்று பொருள்.