மேகசினில் அடங்கும் தோட்டா குழலுக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள்

இந்த வாரம் என் பட்டறைக்கு வந்த ஏஆர்-15 வகை ரைபிளின் மேற்கூடு பிளந்திருந்தது. மேகசினின், அதாவது தோட்டாக்களை அடுக்கி ரைபிளில் செருகும் பெட்டியின், அடித்தட்டு பிய்ந்துபோயிருந்தது. குழலின் பின்முனையில், 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு ஒன்று நசுங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழலின் மீதே .223 (5.7 மில்லிமீட்டர் குண்டு கொண்ட தோட்டாவின் பெயர்) என்று தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால்தான் சுட்டவரின் கண்கள் தப்பின. இதே சேதத்தோடு என்னிடம் வந்த மூன்றாவது ரைபிள் இது என்பதால், இனியும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

.223 ரைபிளில் .300 பிளாக்அவுட் தோட்டாவைச் சுட்டதே காரணம். 2011ஆம் ஆண்டு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட தோட்டா இது. ஏஆர்-15இன் போல்ட்டையும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்னால் பூட்டும் பகுதி) மேகசினையும் அப்படியே வைத்துக்கொண்டு, குழலை மட்டும் மாற்றி, ஒலியைவிட மெதுவாகச் செல்லும் 14 கிராம் அளவிலான கனத்த குண்டுகளையும் சுட முடிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே தோட்டா உறையின் (வெடிமருந்தையும் முனையில் குண்டையும் தாங்கும் உலோகக் குப்பியின்) அடிப்பகுதி .223 தோட்டாவினுடையதேதான், நீளம் சுமார் 45 மில்லிமீட்டரிலிருந்து 35 ஆகக் குறைக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் தேடிய அந்த வசதியே இன்று ஆபத்தாகவும் நிற்கிறது.

"பொருந்தாத தோட்டாவாக இருந்தால் உள்ளேயே போகாதே!" என்று மூவருமே என்னிடம் சொன்னார்கள். இந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும். பல சமயம் போகாது என்பது உண்மைதான். ஆனால் சில வகைக் குண்டுகள், போல்ட் மோதும் வேகத்தில் உறைக்குள் பின்னோக்கித் தள்ளப்பட்டுவிடும், போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். கையால் போல்ட்டைத் தள்ளும் ரைபிளாக இருந்தால் அந்தத் தடையை உள்ளங்கை உணர்ந்திருக்கும். ஏஆர்-15 போன்ற அரைத்தானியங்கியில் அந்த வேலையைச் சுருள்வில் செய்துவிடுவதால், நமக்கு எதுவுமே தெரிவதில்லை. அதன்பின் விசையை இழுத்தால், 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் துளைக்குள் நுழைய வழியின்றி நிற்க, வாயு அழுத்தம் முழுவதும் பின்புறமாக, உங்கள் முகத்துக்கு அருகே வெடித்து வெளியேறும். இதற்கு நேர்மாறாக, .223 தோட்டா .300 குழலில் பூட்டிக்கொள்ளாது. அதன் உறை நீளமானது. அந்த அனுபவத்தை வைத்து இரண்டு பக்கமும் பாதுகாப்பு உண்டு என்று எண்ணிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

உறையின் அடியில் உள்ள முத்திரையை மட்டும் நம்புவதும் போதாது. தாமே தோட்டா நிரப்புபவர்களில் பலர் பழைய .223 உறைகளை வெட்டித்தான் .300 செய்கிறார்கள், அவற்றில் பழைய முத்திரையே இருக்கும். குண்டின் பருமனையும் உறையின் கழுத்தையும் பாருங்கள்.

சுடுமேசையில் ஒரே நேரத்தில் இரண்டு வகைத் தோட்டாக்களை வைக்காதீர்கள். .300 மேகசின்களுக்கு வேறு நிறமோ, இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படும் பட்டையோ இருக்கட்டும். மேகசினைப் பொருத்தும் முன் குழலில் உள்ள எழுத்தை ஒருமுறை வாசியுங்கள். போல்ட் முழுமையாக மூடவில்லையென்றால், பக்கவாட்டுக் குமிழை அழுத்தி அதை மூட வைக்கவே கூடாது. தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள். இரவல் வாங்கிய மேகசினாக இருந்தால், தயவுசெய்து அதிலுள்ள தோட்டாக்கள் அனைத்தையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்புங்கள். இந்த வாரம் வந்த ரைபிளில் இருந்ததும் நண்பரிடம் வாங்கிய மேகசின்தான்.