வளர்ச்சிக் கூட்டாண்மை: சொல்லும் பொருளும்

ஒரு நகரின் உள்ளாட்சியும் அதனோடு பண்பாட்டால் நெருங்கிய ஒரு நாடும், குறித்த ஒரு வேலையைக் குறித்த காலத்தில் சேர்ந்து செய்வதாக எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டையே இங்கே வளர்ச்சிக் கூட்டாண்மை என்கிறோம். அந்த நாட்டின் சார்பில் அதன் அரசு கையெழுத்திடலாம், ஒரு நகர மன்றம் இடலாம், ஓர் அருங்காட்சியகம்கூட இடலாம். ஆங்கிலத்தில் டெவலப்மென்ட் பார்ட்னர்ஷிப். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2012-இல் தொடங்கிய ஒரு பிரிவின் பெயரிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. காவிரிப் படுகையின் ஊர்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் சகோதர நகரம், இரட்டை நகரம், பங்காளித்துவம், கூட்டுறவு என்று பல பெயர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்து விழுகின்றன. பெயர் மாறினால் எதிர்பார்ப்பும் மாறும், கடமையும் மாறும். எனவே ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சகோதர நகரம் என்பது சிஸ்டர் சிட்டியின் நேர் பெயர்ப்பு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனாவர் 1956 செப்டம்பர் 11 அன்று தொடங்கிவைத்த இயக்கத்தோடு பரவிய பெயர் அது. சென்னை 1984-இல் டென்வருடனும் 2008-இல் சான் அன்டோனியோவுடனும் இந்த வகையில் இணைந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் நகரம் பெண்பால். தமிழில் ஊர் அஃறிணை, அதற்குச் சகோதரி முறை ஒட்டாது. 'சக உதரம்', அதாவது ஒரே வயிறு என்ற வடசொல்லிலிருந்து வந்த சகோதரம் எழுத்துத் தமிழில் நிற்குமே தவிர, வீட்டில் அக்காள் அல்லது தங்கைதான். எந்த ஊர் மூத்தது என்ற கேள்வி உடனே வந்துவிடும். இதே கேள்வியைத் தவிர்க்கத்தான் சீனர்கள் 'நட்பு நகரம்' என்று எழுதுவதாகச் சொல்வார்கள். நகரத்துக்கும் நகரத்துக்குமான உறவுக்கு நாமும் நட்புறவு நகரம் என்றே எழுதலாம். அதுவே பொருத்தம்.

இரட்டை நகரம் பிரிட்டனின் ட்வின் டவுன். 1944-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியும் சோவியத்தின் ஸ்டாலின்கிராடும் கைகோத்தது இதன் தொடக்கங்களில் ஒன்று. இரண்டும் போரில் சிதைந்த நகரங்கள். நம் காதில் இரட்டை நகரம் என்றால் ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும்தான், ஒட்டிக் கிடப்பவை. நாகப்பட்டினத்துக்கும் மலேசியாவின் கெடாவுக்கும் நடுவே வங்கக் கடலே இருக்கிறது. இணை நகரம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைத் துணை நகரமாகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. தவிர, இந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இரு பக்கமும் நகரம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நகரம், மறு பக்கம் நாடு என்றால் இவற்றில் எதுவும் உதவாது.

பங்காளி என்ற சொல்தான் அதிகம் யோசிக்கவைப்பது. பங்கு + ஆளி, பங்கை ஆள்பவர். பார்ட்னருக்கு அகராதிப்படி சரியான சொல். ஆனால் டெல்டாவில் பங்காளி என்றால் தந்தைவழி உறவு, பாட்டன் சொத்தில் உரிமை உள்ளவர். தஞ்சைப் பகுதியின் சமுதாயக் கிராமங்களில் நிலத்தைப் பங்குகளாக வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பிரித்துக்கொள்ளும் கரையீடு என்ற வழக்கம் இருந்தது. அந்த நினைவு சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது: பங்காளிகள் ஏற்கெனவே இருக்கும் சொத்தைப் பிரித்துக்கொள்பவர்கள். இன்னும் இல்லாத ஒன்றை இருவர் சேர்ந்து உண்டாக்குவதற்கு அந்தச் சொல்லை வைத்தால் 'நமக்கு எவ்வளவு வரும்' என்பதே முதல் கேள்வியாகிவிடும். கூட்டுறவு நல்ல சொல்தான். ஆனால் நம் ஊரில் அது கடன் சங்கத்துக்குப் போய்விட்டது.

கூட்டாண்மை இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஆள் என்ற வினையடியிலிருந்து வந்த ஆண்மை, இங்கே ஒன்றை ஏற்று நடத்தும் பொறுப்பைக் குறிக்கும். வேளாண்மை, மேலாண்மை என்பவற்றிலும் அதே ஆண்மைதான். எனவே கூட்டாண்மை என்றால் கூடி ஏற்று நடத்துதல். தருபவர், பெறுபவர் என்ற பிரிவு சொல்லிலேயே இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது இந்த உறவைப் பதியும் தாளின் பெயர் மட்டுமே.

பழைய உறவு இருப்பதாலேயே கூட்டாண்மை வந்துவிடாது என்பதற்கும், தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நாகப்பட்டினத்திலேயே சான்று உண்டு. கடாரத்து (இன்றைய கெடா) அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தை சூளாமணி வர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரத்துக்கு, முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்த ஆவணம் 21 செப்பேடுகள். நீண்ட காலம் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லைடன் செப்பேடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல், பெண் யானையை நடத்தி வகுத்த எல்லை என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. 1025-ஐ ஒட்டி ராஜேந்திரன் கடாரத்தின் மீதே படை நடத்தினான். அதன் பிறகும் 1090-இல், கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளின்படி முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரத்துக்கான உரிமைகளை 3 செப்பேடுகளில் மறுபடி உறுதிசெய்தான். அரசர்களின் நட்பு முறிந்தும் ஏற்பாடு மிஞ்சியதற்கு, அளவும் எல்லையும் வருவாயும் எழுத்தில் இருந்தது பெரிய காரணம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தரங்கம்பாடியின் கதை வேறு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குடன் செய்தது வணிக உரிமை ஒப்பந்தம். அதிலிருந்து எழுந்ததே டேன்ஸ்போர்க் கோட்டை. 1845-இல் ஊர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அண்மைக் காலத்தில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு அங்கே நடந்த மரபுக் கட்டடப் புதுப்பிப்புதான் கூட்டாண்மை என்ற பெயருக்குத் தகுதியானது. காரைக்கால் பிரெஞ்சு உறவுள்ள ஊர். ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பலர் அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். பிரான்சின் உள்ளாட்சிகள் வெளிநாட்டு உள்ளாட்சிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்ய 1992 பிப்ரவரி 6 சட்டம் இடம் தருகிறது. நம் நகராட்சிகளுக்கு அப்படி நேர்வழி கிடையாது. இதை அறியாத பிரெஞ்சு மேயர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார். முதல் கடிதத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.

நம் நகராட்சிகளின் சுற்றுவழி இப்படிப் போகும். வெளிநாட்டு உறவு அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. எனவே மன்றத் தீர்மானம், நகராட்சி நிர்வாக இயக்குநரகம், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, அங்கிருந்து வெளியுறவு அமைச்சகம் என்று கோப்பு ஏற வேண்டும். காரைக்காலுக்குப் புதுச்சேரி அரசு வழியாக. கையெழுத்து விழாவுக்கு நாள் குறித்துவிட்டுக் கோப்பை அனுப்புவது பெரிய தவறு. வேலையின் பொருளை, நகராட்சிப் பணிகளைப் பட்டியலிடும் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களுக்குள் வைத்தால் கேள்விகள் குறையும்: குடிநீர், பொதுச் சுகாதாரம், திடக்கழிவு, பண்பாட்டு மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. துறைமுகம், கடற்படை, எல்லை மீன்பிடிப்பு என்று ஒரு வரி நுழைந்தாலும் கோப்பு நின்றுவிடும்.

பணம் அடுத்த சிக்கல். உள்ளூர் அறக்கட்டளை வழியாக வெளிநாட்டுப் பணம் வருவதானால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குப் பொதுவாக 3 ஆண்டு அனுபவமும், அந்த ஆண்டுகளில் நோக்கப் பணிகளுக்கு 15 லட்ச ரூபாய் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் ஸ்டேட் பேங்க்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்திறங்க வேண்டும். வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 'பெரிய அறக்கட்டளை வாங்கிச் சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்' என்று எழுதப்பட்ட பழைய திட்டங்கள் இன்று செல்லாது.

காலமும் இடிக்கும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. டென்மார்க், மலேசியா, இலங்கை மூன்றிலும் ஜனவரியில். அவர்கள் டிசம்பருக்குள் செலவழிக்கத் துடிக்கும் மாதங்களில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை. மண்வேலை உள்ள எதையும் பொங்கலுக்குப் பின் தொடங்கி, மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் முடிக்கத் திட்டமிடுங்கள். நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. மழை மாதப் பயணத்துக்கு அதை நம்பிக் கூட்டம் வைக்கக் கூடாது.

இலங்கையோடு எழுதும்போது இருபுறமும் தமிழ் என்பதே தடுக்கி விழவைக்கும். நம் நகராட்சி அங்கே நகர சபை, துறை அங்கே திணைக்களம், அமைச்சகம் அமைச்சு, ஆணையர் ஆணையாளர், தணிக்கை கணக்காய்வு, வளர்ச்சி அபிவிருத்தி. கொள்முதல் என்று நாம் எழுதினால் நம்மவருக்கே நெல் கொள்முதல் நிலையம்தான் நினைவுக்கு வரும். அங்கே அதற்குப் பெறுகை. ஒப்பந்தப்புள்ளிக்கு அங்கே கேள்விப்பத்திரம். பங்காளி அங்கே கூட்டணிக் கட்சிக்கும் வழங்கும் சாதாரணச் சொல். நம் தயக்கம் அவர்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இரு வழக்குகளையும் எதிரெதிரே வைத்த சொற்பட்டியல் ஒன்று வேண்டும்.

ஒப்பந்தத்தில் விடுபடக் கூடாதது பராமரிப்பு. ஒரு நாடும் ஒரு நகரமும் சேர்ந்ததற்கு அண்மையில் உள்ள நல்ல எடுத்துக்காட்டு, இந்திய நிதியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அருகே எழுந்த பண்பாட்டு மையம். 2022 மார்ச்சில் இணையவழித் திறப்பு நடந்தது. மக்களுக்கு அர்ப்பணித்தது 2023 பிப்ரவரியில். அவ்வளவு பெரிய கட்டடத்தை நடத்தும் செலவு ஒரு நகர மன்றத்துக்குச் சுமை என்பது கட்டும்போதே பேசி முடிக்க வேண்டிய விஷயம். மின்கட்டணம், காவல், பழுது மூன்றையும் முதல் 5 ஆண்டுகளுக்கு யார் தருவது, ஆறாம் ஆண்டில் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நன்கொடை இயந்திரங்களிலும் இதே கவனம் வேண்டும். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளின் தீயணைப்பு வண்டிக்கும் குப்பை லாரிக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு அதற்குத் தனிச் சைகைக் கருவி கேட்கிறது. சுங்க வரி யார் கட்டுவது, உதிரிபாகம் திருச்சியிலோ சென்னையிலோ கிடைக்குமா என்பவற்றைக் கப்பலேற்றும் முன் கேளுங்கள். சரிவுள்ள நாட்டில் வரைந்த கழிவுநீர் வடிவமைப்பைக் காவிரியின் கடைமடையில் அப்படியே பதித்தால் ஓடாது. இங்கே நிலம் தட்டை, மண் களி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழாய்க்கு மேலே நிற்கும். பம்பு நிலையங்களை நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும். கடற்கரை ஊர் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி எத்தனை மாதம் ஆகும் என்பதையும் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

கடைசிப் பிரிவாக, முறித்துக்கொள்ளும் வழியை எழுதுங்கள்: எத்தனை மாத முன்னறிவிப்பு, பாதியில் நின்ற வேலையை யார் முடிப்பது, வாங்கிய பொருள் யாருக்கு. மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, ஆணையர் அதற்குள் மாறிவிடுவார். எனவே பொறுப்பாளரைப் பெயரால் எழுதாமல் பதவியால் எழுத வேண்டும்.